ஒரே கூரையின் கீழ் இருந்தால் போதுமா? தென்னாப்பிரிக்க மாதர் போராட்டம் தரும் பாடம்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தென்னாப்பிரிக்க நாட்டுப் பெண்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். "இங்கே பஞ்சப்படி பாக்கி கிடக்கிறது, வயலில் கூலி உயர்வு கேட்டு நிற்கிறோம், இப்போது தென்னாப்பிரிக்கா எதற்கு?" என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

1860 நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. வெள்ளை முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட ஏழை ஜனங்கள் அதிலே இருந்தார்கள். தமிழும் தெலுங்கும் பேசிய ஜனங்கள். அன்றிலிருந்து அந்த நாட்டின் சரித்திரத்தில் நம் ஜனங்களின் வியர்வையும் கலந்திருக்கிறது. இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் இதைவிடப் பெரியது. "எல்லோரும் சமம், எல்லோரும் சேர்ந்து வாழ வேண்டும்" என்று பேசாத மேடை இல்லை. முதலாளியும் பேசுகிறான், மந்திரியும் பேசுகிறார். ஆனால் ஏறி உட்கார்ந்திருப்பவனும் சுமப்பவனும் எப்படிச் சேர்ந்து வாழ்வது? ஏறி உட்கார்ந்தவன் இறங்காமல் அது நடக்குமா? இந்தக் கேள்விக்குத் தென்னாப்பிரிக்கப் பெண்கள் பள்ளிக்கூடத்திலே பதில் படிக்கவில்லை. சிறையிலே படித்தார்கள். அந்தப் பதில் நமக்கும் தேவை.

சலுகை எங்கே இருந்தது?

வெள்ளையருக்குத் தங்கள் தோல் மீது கர்வம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கர்வம் இருந்தது உண்மை. ஆனால் கர்வம் மட்டும் சோறு போடாது. சலுகை சட்டப் புத்தகத்திலே இருந்தது, கூலிப் பட்டியலிலே இருந்தது.

1913-ம் ஆண்டு நிலச் சட்டத்தைப் பாருங்கள். அந்த மண்ணின் மக்களான ஆப்பிரிக்கர்கள் ஜனத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் நாட்டின் பரப்பில் சுமார் 7 சதவீதம். அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கக் கூடாது. 1936-ல் இன்னொரு சட்டம் வந்து இந்த அளவைச் சுமார் 13 சதவீதம் என்று வைத்தது. நிலத்தைப் பிடுங்கினால் என்ன ஆகும்? விவசாயத் தொழிலாளர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. நிலம் போனவன் கூலிக்குத்தான் வர வேண்டும். அப்படி வந்தவர்களைத் தங்கச் சுரங்கம் விழுங்கிக்கொண்டது.

சுரங்க முதலாளி அவனைக் கொட்டடியில் அடைத்தான். மனைவி மக்களை அழைத்துவர விடவில்லை. ஒற்றை ஆளின் வயிற்றுக்கு மட்டும் கூலி கொடுத்தான். "குடும்பம் கிராமத்திலே இருக்கிறது, அவர்கள் மண்ணைக் கொத்திப் பிழைத்துக்கொள்வார்கள்" என்று கணக்குப் போட்டான். ஆகவே சுரங்கத்துக்குள் இறங்கிய ஆணின் உழைப்போடு, சுரங்கத்தைக் கண்ணாலும் பார்க்காத அவன் மனைவியின் உழைப்பும் சேர்ந்துதான் லாபமாயிற்று. அவள் குழந்தை வளர்த்தாள், கிழவர்களைப் பார்த்துக்கொண்டாள், நோயாளியாகத் திரும்பி வந்த கணவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். அவளுக்குக் கூலி ஒரு காசு கிடையாது. 1970-ம் ஆண்டு வாக்கில் தங்கச் சுரங்கத்தில் வெள்ளைத் தொழிலாளியின் சம்பளம் ஆப்பிரிக்கத் தொழிலாளியின் சம்பளத்தைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு! இதுதான் வெள்ளைச் சலுகை.

வெள்ளைத் தொழிலாளி செய்தது என்ன?

தொழிலாளி என்றால் தானாகவே நியாயத்தின் பக்கம் நின்றுவிடுவான் என்று எண்ணிவிடாதீர்கள். 1922-ல் ஜோகன்னஸ்பர்க் சுரங்கப் பகுதியில் வெள்ளைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் பார்த்த வேலையில் ஒரு பகுதியைக் குறைந்த கூலிக்கு ஆப்பிரிக்கரிடம் கொடுக்க முதலாளிகள் திட்டமிட்டதுதான் காரணம். அப்போது எழுந்த கோஷம் என்ன தெரியுமா? "உலகத் தொழிலாளர்களே, வெள்ளைத் தென்னாப்பிரிக்காவுக்காக ஒன்றுபட்டுப் போராடுங்கள்!" நம்முடைய கோஷத்தின் கழுத்தில் இனவெறியைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

சர்க்கார் பீரங்கியும் விமானமும் கொண்டு அந்தப் போராட்டத்தை நசுக்கியது. சுமார் 200 பேர் மாண்டார்கள். ஆனால் அதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். 1926-ல் நிறத்தடைச் சட்டம் வந்தது. சுரங்கங்களில் திறமை வேண்டிய வேலைகளை வெள்ளையருக்கென்று ஒதுக்கி வைத்தது. முதலாளிக்குச் சுரங்கம் மிஞ்சியது, வெள்ளைத் தொழிலாளிக்குச் சலுகை மிஞ்சியது, ஆப்பிரிக்கத் தொழிலாளிக்குப் பாறை மிஞ்சியது. சலுகை என்பது முதலாளி தன் கையை விட்டுக் கொடுத்த தானம் அல்ல. பக்கத்தில் நிற்கிற தொழிலாளியின் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த லஞ்சம்.

ஓட்டுரிமையும் ஆயுதமாகும்

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைப் பெண்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தான். அவர்களுக்கும் ஓட்டு இல்லை. பல ஆண்டுகள் சங்கம் வைத்துக் கேட்டார்கள். 1930-ல் கிடைத்தது. பெண்ணுரிமைக்கு வெற்றி என்று கொண்டாடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

அந்தச் சட்டம் வெள்ளைப் பெண்களுக்கு மட்டுமே ஓட்டுக் கொடுத்தது. அப்போது கேப் மாகாணத்தில், சொத்தும் படிப்பும் இருந்த ஆப்பிரிக்க ஆண்கள் சிலருக்கு ஓட்டு இருந்தது. வெள்ளைப் பெண்கள் பட்டியலில் சேர்ந்தவுடன் அவர்களுடைய ஓட்டின் மதிப்பு பாதியாகச் சரிந்தது. பிரதம மந்திரி ஹெர்ட்ஸாகின் சர்க்கார் விரும்பியதும் அதுதான். 1936-ல் அந்த ஆப்பிரிக்கர்களைப் பொதுப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். வெள்ளைப் பெண்ணுக்குக் கொடுத்த உரிமை, கறுப்பு மக்களை வெட்டும் கத்திக்குப் பிடியாயிற்று.

இது வருமென்று அறிந்தவர்கள் அவர்களிலேயே இருந்தார்கள். ஆலிவ் ஷ்ரைனர் என்ற பெயர்பெற்ற எழுத்தாளர் வெள்ளைப் பெண். நிற வேற்றுமையில்லாமல் எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்றார். பெண்ணுரிமைச் சங்கம் அதற்கு உடன்படாதபோது அதை விட்டு விலகினார். அவர் சிறுபான்மையாகத்தான் இருந்தார். ஆனால் அவர் கேட்ட கேள்வி நிலைத்து நின்றது: எனக்குக் கிடைக்கும் உரிமை யாருடைய முதுகின்மேல் நிற்கிறது?

சமையலறையில் இரண்டு பெண்கள்

வெள்ளையர் வீட்டுக்குள்ளே போய்ப் பாருங்கள். அங்கே இரண்டு பெண்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒருத்தி எஜமானி. மற்றொருத்தி ஆப்பிரிக்க வேலைக்காரி. பேரன் பேத்தி எடுத்த வயதானாலும் அவளைச் 'சிறுமி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண் வேலைக்காரனுக்கு எத்தனை வயதானாலும் 'பையன்'. அவள் தின்ன ஒரு தகரத் தட்டு, குடிக்க ஒரு தகரக் குவளை, தனியாக வைத்திருக்கும். இரட்டைக் குவளை என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அவள் கொல்லைப்புறத்து அறையில் படுத்தாள். புருஷன் அங்கே வந்து தங்கக் கூடாது, சட்டம் தடுத்தது. அவள் பெற்ற பிள்ளை எங்கோ கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்தது. அவள் எஜமானியின் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடினாள். எஜமானிக்குக் கிடைத்த ஓய்வு, படிப்பு, சங்கக் கூட்டத்துக்குப் போகிற நேரம், எல்லாம் இந்தத் தாயின் பிள்ளையிடமிருந்து பிடுங்கிய நேரம். "என் வேலைக்காரி என் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி" என்று எஜமானி மனதாரச் சொல்லியிருப்பாள். குடும்பத்தில் ஒருத்திக்கு ஏன் தனிக் குவளை?

ஆப்பிரிக்கப் பெண்ணுக்குத் தன் வீட்டிலும் சுமை குறையவில்லை. நேட்டாலில் வெள்ளை ஆட்சி பழைய வழக்கங்களைத் தன் வசதிப்படி சட்டமாக எழுதிவைத்தது. அதன்படி அவள் சாகும்வரை மைனர். தகப்பன், புருஷன், மகன் என்று யாராவது ஓர் ஆணின் பொறுப்பில்தான் அவள் இருக்க வேண்டும். ஆகவே நிறம், கூலி, பெண் பிறவி என்று மூன்று நுகத்தடி அவள் கழுத்தில் இருந்தது.

சேராத இரண்டு ஆறுகள்

1913-ம் ஆண்டு இரண்டு இடங்களில் பெண்கள் எழுந்தார்கள். புளூம்ஃபான்டீன் நகரில் ஆப்பிரிக்கப் பெண்கள், 'பாஸ்' என்னும் அனுமதிச் சீட்டைச் சுமக்க மாட்டோம் என்று மறுத்துச் சிறை புகுந்தார்கள்.

அதே ஆண்டில் நம் பெண்களும் எழுந்தார்கள். 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிமன்றம், கிறிஸ்துவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. தாலி கட்டிய மனைவியரை வைப்பாட்டிகள் என்று ஆக்கிய தீர்ப்பு. ஒப்பந்தம் முடிந்த கூலி ஜனங்கள் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரியும் இருந்தது. முதலாண்டு ஒப்பந்தக் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஆறு மாதக் கூலி! டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தையோடு எல்லை தாண்டி நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்கள். "வரியை எடுக்கும்வரை சுரங்கத்தில் இறங்காதீர்கள்" என்று நம் கூலி ஜனங்களிடம் சொன்னார்கள். சுரங்கம் நின்றது, தோட்டம் நின்றது. பெண்கள் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய்ப்பட்டு, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ந் தேதி 16 வயதிலே உயிர் விட்டாள். அந்த ஆண்டே தலைவரி ஒழிந்தது.

வள்ளியம்மையின் பெயர் நம் ஊர்களில் தெரியும். புளூம்ஃபான்டீன் பெண்களின் பெயர் தெரியாது. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே சிறைக்கதவு. இருந்தும் இரண்டு போராட்டமும் ஒன்று சேரவில்லை. ஆப்பிரிக்கர் பிரச்னை வேறு, இந்தியர் பிரச்னை வேறு என்றே அன்றைய தலைவர்கள் நடந்தார்கள்.

அப்படிப் பிரிந்து நின்றதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. வெள்ளை ஆட்சி ஒரு ஏணி கட்டி வைத்திருந்தது. உச்சியில் வெள்ளையர், நடுவில் கலப்பினத்தவரும் இந்தியரும், அடியில் ஆப்பிரிக்கர். நடுப்படியில் நின்றவர் மேலே பார்த்து ஏங்கினார், கீழே பார்த்து மிதித்தார். டர்பன் குடிசைகளில் வாடகை கொடுத்தவர் ஆப்பிரிக்கர், வாங்கியவர்களில் இந்தியர் பலர். 1949 ஜனவரியில் அங்கே கலவரம் மூண்டு 142 பேர் மாண்டார்கள். ஆப்பிரிக்கரும் இந்தியருமாகச் செத்தார்கள். உச்சிப்படியில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

1956 ஆகஸ்ட் 9

இந்தப் படிப்பினைக்குப் பின்னர்தான் புதிய பாதை பிறந்தது. 1954 ஏப்ரல் 17-ந் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் எல்லா இனப் பெண்களும் கூடித் தென்னாப்பிரிக்க மாதர் சம்மேளனத்தை அமைத்தார்கள். உணவு டப்பா ஆலைத் தொழிலாளர் சங்கத்தை 1941-ல் கட்டியெழுப்பிய கம்யூனிஸ்ட் தோழர் ரே அலெக்சாண்டர் அதற்குப் பெரிதும் உழைத்தார். மாதர் சாசனம் ஒன்றை நிறைவேற்றினார்கள். ஓட்டு, சம வேலைக்குச் சம கூலி, சொத்திலும் கல்யாணத்திலும் சம உரிமை என்று கேட்டார்கள். ஆண் தோழர்களோடு தோள் சேர்ந்து போராடுவோம், ஆனால் பெண்ணைத் தாழ்வாக நினைக்கும் ஆண்களின் வழக்கத்தையும் எதிர்ப்போம் என்று ஒளிக்காமல் எழுதினார்கள்.

அப்போது சர்க்கார் ஆப்பிரிக்கப் பெண்கள் மீதும் பாஸைத் திணிக்கக் கிளம்பியிருந்தது. 1952-ல் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'பாஸ் ஒழிப்பு' என்று இருந்தது! உள்ளே இருந்ததோ எல்லோருக்கும் ஒரே பெரிய பாஸ் புத்தகம். அது கையில் இல்லையென்றால் சிறை. ஒரு தாயை நடுரோட்டில் பிடித்துக்கொண்டு போனால், வீட்டில் பசியோடு இருக்கும் குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

1956 ஆகஸ்ட் 9-ந் தேதி வியாழக்கிழமை. வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு வழக்கமாக லீவு கிடைக்கும் நாள். பிரிட்டோரியா நகரில் அன்று ஊர்வலத்துக்குத் தடை. ஊர்வலம்தானே கூடாது, இரண்டு பேர் மூன்று பேராக நடக்கலாம் அல்லவா? அப்படியே நடந்தார்கள். சர்க்கார் தலைமைக் கட்டடத்தின் முன்னே 20,000 பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆப்பிரிக்கப் பெண்கள் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இந்தியப் பெண்கள் சேலை கட்டி வந்தார்கள். வேலைக்காரப் பெண்கள் சிலர், பார்த்துக்கொள்ள ஆளில்லாத எஜமானியின் வெள்ளைக் குழந்தைகளையும் கூடவே கொண்டுவந்தார்கள்!

கட்டுக்கட்டாக மனுக்களைச் சுமந்து உள்ளே போனவர்களின் முன்னணியில் நான்கு பேர். லிலியன் எங்கோயி ஆப்பிரிக்கர், தையல் ஆலைத் தொழிலாளி. சோஃபியா வில்லியம்ஸ் கலப்பின வகுப்பினர், போர்ட் எலிசபெத் ஜவுளி ஆலைத் தொழிலாளி, வயது 18. ரஹிமா மூசா இந்திய வம்சாவளி, உணவு டப்பா ஆலைச் சங்கத்தில் உழைத்தவர், அன்று நிறைகர்ப்பிணி. நான்காமவர் ஹெலன் ஜோசஃப், இங்கிலாந்தில் பிறந்த வெள்ளைப் பெண். நம் நாட்டு ஹைதராபாதில் மூன்று ஆண்டுகள் ஆசிரியையாக இருந்துவிட்டு அங்கே போனவர். ஆலைத் தோழர்களே, கவனியுங்கள்: நால்வரில் மூவர் தொழிற்சங்கம் வளர்த்த பிள்ளைகள். நான்காமவரும் தையல் தொழிலாளரின் வைத்திய நிதியில் வேலை பார்த்தவர்.

பிரதம மந்திரி ஸ்டிரைடம் அங்கே இல்லை. மனுக்களை அவர் அறை வாசலில் குவித்துவிட்டு வந்தார்கள். பிறகு 20,000 பெண்களும் கையை உயர்த்தி 30 நிமிஷம் மௌனமாக நின்றார்கள். கைக்குழந்தை அழுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

இறங்கி வந்தவர்

ஹெலன் ஜோசஃபைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவரை யாரும் பாஸ் கேட்க மாட்டார்கள். அவருக்கு ஓட்டு இருந்தது, நல்ல வீடு இருந்தது. பரிதாபப்பட்டுப் பழந்துணி கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சம்மேளனத்தின் தலைவராக லிலியன் இருந்தார், ஹெலன் காரியதரிசியாக வேலை செய்தார். பாஸின் வலியை அறிந்தவளே வழி சொல்ல வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டார்.

1956 டிசம்பரில் 156 பேர்மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். லிலியனும் ஹெலனும் அதில் இருந்தார்கள். 1961 மார்ச்சில் கடைசிவரை கூண்டில் நின்றவர்களும் விடுதலையானார்கள். 1962 அக்டோபரில் ஹெலனை வீட்டுச் சிறையில் வைத்தார்கள். அந்த நாட்டில் வீட்டுச் சிறை விதிக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். லிலியனையும் தடை உத்தரவால் கட்டிப்போட்டார்கள். மேடையேறி ஆயிரம் பேரை எழுப்பிய அந்தத் தாய் வீட்டிலே தையல் மெஷினை மிதித்து வயிறு கழுவினார். 1980-ல் காலமானார். ஹெலன் 1992-ல் காலமானார். லிலியன் அடக்கமான சொவெட்டோ கல்லறைத் தோட்டத்திலேதான் அவரும் அடக்கமானார். பிணத்துக்குக்கூடத் தனிச் சுடுகாடு பார்க்கிற உலகத்தில் இது சிறிய விஷயமா?

வெற்றி எவ்வளவு, பாக்கி எவ்வளவு?

அந்த ஊர்வலத்தோடு பாஸ் ஒழிந்துவிடவில்லை. 1963-ல் பெண்களுக்கும் கட்டாயமாயிற்று. பாஸ் சட்டம் 1986-ல்தான் ஒழிந்தது. 1994 ஏப்ரல் 27-ந் தேதி எல்லா இனத்தவரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். ஆகஸ்ட் 9 இன்று அங்கே தேசிய மகளிர் தினம், அரசாங்க விடுமுறை.

சட்டம் மாறியது. சொத்து மாறியதா? 2017-ம் ஆண்டின் அரசு நிலக் கணக்குப்படி, தனிநபர்களிடம் உள்ள விவசாய நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையர் கையில் இருந்தது. 2022 ஜனத்தொகைக் கணக்கில் வெள்ளையர் சுமார் 7 சதவீதம்தான்.

அந்தச் சமையலறையும் மறைந்துவிடவில்லை. 2012-ல் பிரிட்டோரியாவில் ஒரு வீட்டு வேலைக்காரத் தாய், கண் பார்வை மங்கியவர், எஜமானரின் நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். அந்த ஒரே வீட்டில் 22 ஆண்டுகள் உழைத்தவர். வேலையில் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு கொடுக்கும் சட்டம் இருந்தது. ஆனால் வீட்டு வேலை செய்கிறவர்களை அது சேர்க்கவில்லை. அவருடைய மகளும் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கமும் விடவில்லை. 2020 நவம்பர் 19-ந் தேதி, அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஒதுக்கல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. முன்பு நடந்த விபத்துகளுக்கும் இது பொருந்தும் என்றது. "குடும்பத்தில் ஒருத்தி மாதிரி" என்ற இனிப்பு வார்த்தை அந்தத் தாய்க்கு எதையும் தரவில்லை. "நான் தொழிலாளி" என்ற வார்த்தைதான் உரிமையைக் கொண்டுவந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே! ஒரே கூரையின் கீழ் இருப்பது சேர்ந்து வாழ்வது ஆகாது. ஒரே ஆலையில் நிற்பதும், ஒரே வயலில் குனிவதும் தாமாகவே ஒற்றுமை ஆகிவிடாது. குவளை ஒன்றாக வேண்டும், கூலி ஒன்றாக வேண்டும், சங்க மேடையில் நாற்காலியும் ஒன்றாக வேண்டும். ஏணியில் ஒரு படி மேலே நிற்கிறவன், "நான் யாரையும் மிதிக்கவில்லையே" என்று சொல்வான். மனதறிந்து மிதிக்காமல் இருக்கலாம். ஆனால் அவன் காலடியில் ஒரு தோள் இருக்கிறது. குனிந்து பார்த்தால் தெரியும்.

நம் வயலில் ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது இதை யோசியுங்கள். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், சேரியிலிருந்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் கூட்டம் கலைவதற்குள் சரிசெய்யுங்கள்.

1913-ல் சேராத இரண்டு ஆறுகளும் 1956-ல் சேர்ந்தன. நடுவில் போனது 43 வருஷம். அவ்வளவு காலம் காத்திருக்க நம்மால் முடியாது, நம் பிள்ளைகளாலும் முடியாது.